பாட்டுக் கம்பெனியின் பங்குதாரர்கள்

மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிந்த கையோடு ஆடிட், ஆடிட் முடிந்ததும் ஆடிட்டர் கேட்டதுக்கெல்லாம் பதில் என்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. "உன் பக்கத்தில் ஒட்டடை அடிக்க வேண்டாமா"ன்னு தங்கமணியே கேட்டாச்சு. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஓபரா ஹவுஸ் வரும். வைர வியாபாரிகள் நடுத்தெருவில் நின்று காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் என்றுதான் நான் வந்த புதிதில் அதைத் தெரிந்துகொண்டேன். அங்கே உண்மையிலேயே ஓர் ஓபரா அரங்கம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது என்பது தெரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மாரிஸ் பாண்ட்மன் என்ற நாடகக் கம்பெனிக்காரரும் ஜஹாங்கீர் கராகா என்ற பார்சிக்காரரும் சேர்ந்து கட்டியது. 1911-ல், கட்டிடம் முடியும் முன்பே, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். ஆனால் ஓபரா அங்கே ரொம்ப நாள் ஓடவில்லை. நாடகம் ஓடியது, பிறகு சினிமா ஓடியது, 1993-ல் கதவைச் சாத்தினார்கள். பழுதுபார்த்து 2016 அக்டோபரில் மறுபடி திறந்தபோது பம்பாயில் பிறந்த பாடகி பட்ரீசியா ரொஸாரியோவை அழைத்துப் பாட வைத்தார்கள்.

ஓபராவுக்கென்று கட்டின இடத்தில் ஓபரா ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தவன், மும்பையை விட்டு லண்டனுக்கும், 1911-ஐ விட்டு 1720-க்கும் போய்விட்டேன். ஏனென்றால் அங்கே ஒரு விஷயம் கிடைத்தது. பாட்டுக்கு ஒரு ஜாயிண்ட் ஸ்டாக் கம்பெனி! பங்கு, அழைப்புத் தொகை, டிவிடெண்ட், கட்டாத பங்குதாரருக்கு நோட்டீஸ், எல்லாம் உண்டு. பி.காமில் கம்பெனி அக்கவுண்ட்ஸ் படித்தவனை இதற்கு மேல் என்ன சொல்லி இழுக்க வேண்டும்?

அதற்கு முன் ஒரு சின்னக் கொசுவர்த்தி. எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்துக்கு நான் இரண்டு வருஷம் பொருளாளர். ஆண்டு விழாவுக்கு ஒரு சரித்திர நாடகம் போட்டோம். ஹால் வாடகை, மைக் செட், லைட், வாடகைக்கு எடுத்த கிரீடம், ஒட்டு மீசை, ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு டீ, சமோசா. டிக்கெட்டும் மலர் விளம்பரமும் சேர்த்து வந்தது போக இருபத்து மூன்றாயிரம் ரூபாய் கையைக் கடித்தது. விழா முடிந்த ராத்திரி பதினொன்றரைக்கு மேடை கட்டின ஆள் வந்து நின்றார். கூடவே நாலு பையன்கள். கமிட்டியில் ஒருத்தர், "சார், அடுத்த மாசம் கொடுத்துக்கலாம், எங்க போயிடப் போறோம்"னார். அந்த ஆள் ஒன்றும் பேசவில்லை, கழற்றின மூங்கிலை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முகம் மறக்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். லண்டனுக்குப் போவோம்.

ஹேமார்க்கெட் என்ற தெருவில் 1705-ல் ஜான் வான்ப்ரூ ஒரு அரங்கம் கட்டினார். நாடகம் எழுதுகிறவர், பிறகு பெரிய கட்டிடக் கலைஞர் என்று பேர் வாங்கியவர். ஆடம்பரமாகக் கட்டினார். திறந்த பிறகுதான் தெரிந்தது, கூரை உயரம், எதிரொலி, வசனம் பேசினால் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகிறது என்று. நாடகக்காரர்கள் ஓடிவிட்டார்கள். பாட்டுக்கு மட்டும் அந்த எதிரொலி ஒத்துவந்தது. இப்படித்தான், வசனத்துக்கு லாயக்கில்லாத கட்டிடம் என்பதால் அது ஓபரா அரங்கமானது. (கட்டிடத்தில் செய்த தப்பு ஒரு கலையின் முகவரியாகிவிட்டது!)

1711 பிப்ரவரியில் அங்கேதான் ஹாண்டலின் "ரினால்டோ" அரங்கேறியது. ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியில் கற்று, இங்கிலாந்தில் பிழைத்தவர் ஹாண்டல். அப்போது வயது 26. மந்திரவாதிக் கதை. இடி, மின்னல், நெருப்பு கக்கும் நாகங்கள் என்று செலவு செய்திருந்தார்கள். ஒரு தோப்புக் காட்சியில் நிஜச் சிட்டுக்குருவிகளைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டார்கள். பறவைகளுக்கு ஒத்திகை பார்க்க முடியுமா? விட்ட குருவிகள் அரங்கத்திலேயே குடியேறிவிட்டால் மற்ற நாடகங்களில் வேண்டாத இடத்தில் வந்து உட்காரும், கீழே இருக்கிறவர்கள் தலைக்கும் ஆபத்து என்று "ஸ்பெக்டேட்டர்" பத்திரிகையில் அடிசன் கிண்டலடித்து எழுதினார். அதே பத்திரிகையில் ஸ்டீல் இன்னொன்று எழுதினார். பக்கத் தட்டிகளை மாற்ற ஆட்கள் மறந்துவிட, அழகான தோப்புக்கு நடுவே கடல் தெரிந்ததாம். தட்டிகள் மேடையில் போட்ட பள்ளக்கோட்டில் நழுவி வர வேண்டும். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். திரை போடாமல் ஜனங்கள் கண்முன்னாலேயே காட்சி மாறுவதுதான் அந்தக் காலத்து வேடிக்கையே. ஒருத்தர் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தால் தோப்பில் கடல்தான்.

ரெண்டு வருஷம் கழித்து, 1713 ஜனவரியில், ஹாண்டலின் "தெஸேயோ". மேனேஜர் ஓவன் ஸ்வைனி. இரண்டு நாள் கூட்டம் நன்றாக வந்தது. இரண்டாவது நாளுக்குப் பிறகு ஸ்வைனி வசூலோடு நாட்டை விட்டே கம்பி நீட்டிவிட்டார். பாடகர்களுக்குச் சம்பளம் இல்லை, சீன் வரைந்தவர்களுக்கும் உடை தைத்தவர்களுக்கும் பாக்கி. பாடகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிறுத்தவில்லை. வருவதைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று முடிவெடுத்து, தொடர்ந்து ஆடினார்கள். மேடை கட்டின ஆளின் முகம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது இங்கேதான்.

(ஒரு கூடுதல் தகவல். ஓடிப்போன இதே ஸ்வைனி, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு, லண்டன் ஓபராவுக்குப் பாடகர் பிடித்துத் தரும் ஏஜெண்டாக வேலை பார்த்தார். எங்கள் வங்கித் தொழிலில் இப்படி ஒருவரை மறுபடி வாசல்படி ஏற்ற மாட்டோம். கலைத்துறையில் ஏற்றுவார்கள் போலிருக்கிறது.)

இனிமேல் தனி ஆளை நம்பினால் ஆகாது, முறையாக ஒரு கம்பெனி வேண்டும் என்று பிரபுக்கள் யோசித்தார்கள். 1719-ல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சாசனத்தோடு "ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்" பிறந்தது. இன்றைக்கு லண்டனில் அதே பெயரில் இருக்கும் இசைக் கல்லூரி வேறு, அது 1822-ல் வந்தது. இது பாட்டுப் போட்டு லாபம் பார்க்கக் கிளம்பிய வியாபாரக் கம்பெனி.

மூலதனம் 10,000 பவுண்டு திரட்டுவது திட்டம். ஒரு பங்கு 200 பவுண்டு. பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம், கம்பெனி கேட்கும்போது ஐந்து ஐந்து சதவீதமாகக் கட்டினால் போதும். மன்னர் வருஷம் 1,000 பவுண்டு தருவார். பிரபுக்கள் போட்டி போட்டு எழுதியதில் திட்டமிட்டதைவிட அதிகமாகவே சேர்ந்துவிட்டது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போட்டிருந்த லாபம் எவ்வளவு தெரியுமா? 25 சதவீதம்! நான் 20 வருஷமாக ப்ராஜெக்ட் ரிப்போர்ட் படிக்கிறேன். கோழிப்பண்ணையாகட்டும், பல்மருத்துவமனையாகட்டும், எல்லா ரிப்போர்ட்டிலும் மூன்றாவது வருஷத்திலிருந்து லாபம் கொட்டும். 300 வருஷத்தில் அந்த ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது தேதி. 1719, 1720. சவுத் ஸீ கம்பெனிப் பங்கு 1720 ஜனவரியில் 130 பவுண்டுக்குக் கிட்டே இருந்து, கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டு, வருஷம் முடிவதற்குள் கிளம்பின இடத்துக்கே விழுந்த வருஷம் அது. எதில் பணம் போட்டாலும் இரட்டிக்கும் என்று எல்லாரும் நம்பின காற்றில்தான் ஓபராப் பங்கும் விற்றது. வேடிக்கை என்னவென்றால் ஹாண்டலே 1716-ல் சவுத் ஸீ பங்கு 500 பவுண்டுக்கு வைத்திருந்தவர். வெடிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார் என்கிறார்கள் அவருடைய வங்கிக் கணக்கை ஆராய்ந்தவர்கள். ஓபராக் கம்பெனியின் பங்குதாரர்களில் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1720 ஏப்ரலில் முதல் சீசன் திறந்தது. இலையுதிர் காலத்தில் பங்குச் சந்தை கவிழ்ந்தது. ஐந்து சதவீதம் கட்டுங்கள் என்றால் கையில் பணமில்லை.

செலவு எங்கே போனது? மேடைக்கும் மெழுகுவர்த்திக்கும் போனது உண்மை. அப்போது அரங்கத்தில் விளக்கை அணைக்கும் வழக்கம் இல்லை. ஜனங்கள் உட்காரும் பகுதியிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்கும். பாட்டு இத்தாலிய மொழியில், கேட்பவர்கள் இங்கிலீஷ்காரர்கள். ஒரு பக்கம் இத்தாலியன், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ் என்று அச்சடித்த சின்னப் புத்தகத்தை வாங்கி, அந்த வெளிச்சத்தில் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். ஆனால் பெரிய ஓட்டை அது இல்லை. பாடகர் சம்பளம்.

செனெசினோவைப் பிடித்து வா, எத்தனை வருஷத்துக்கு ஒப்புக்கொள்கிறாரோ அத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் போடு என்று சொல்லித்தான் 1719-ல் ஹாண்டலை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். செனெசினோ காஸ்ட்ராட்டோ பாடகர். சிறுவயதில் அறுவை செய்து குரல் உடையாமல் நிறுத்தப்பட்டவர். கேட்கவே சங்கடமான வழக்கம். அந்தக் குரலுக்குத்தான் ஐரோப்பாவே கிறங்கியது. அவர் டிரெஸ்டனில் ஒப்பந்தத்தில் இருந்தார், உடனே வர முடியவில்லை. அங்கே ஓர் ஒத்திகையில் இசையமைப்பாளர் ஹைனிஷெனோடு தகராறு செய்து வேலையை இழந்து, 1720 செப்டம்பரில் லண்டன் வந்து சேர்ந்தார். பிறகு 1723 ஜனவரியில் பிரான்செஸ்கா குட்ஸோனி. வரும் வழியில் கல்யாணம் செய்துகொண்டு தாமதமாக வந்து சேர்ந்தார். எனக்குக் கொடுத்த முதல் பாட்டு சாதாரணமாக இருக்கிறது, பாட மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, ஹாண்டல் அவர் இடுப்பைப் பிடித்து ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன் என்று மிரட்டியதாக, ஹாண்டலைப் பற்றி வந்த முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தப் பாட்டைப் பாடித்தான் குட்ஸோனி ஒரே ராத்திரியில் லண்டனைப் பிடித்தார். அரை கினி டிக்கெட் இரண்டு மூன்று கினிக்குக் கைமாறுவதாகப் பத்திரிகைகள் எழுதின. கள்ள மார்க்கெட் டிக்கெட் ஏதோ நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கணக்கு போடுவோமா? பிட்டும் பாக்ஸும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 டிக்கெட், ஒன்று அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். அத்தனையும் விற்றால் 210 பவுண்டு. மாடி வசூல் தனி, அது சொற்பம். நட்சத்திரப் பாடகருக்கு சீசனுக்கு 1,500 பவுண்டு முதல் 2,000 வரை பேசப்பட்டது. குறைந்த தொகையையே எடுத்துக்கொண்டாலும் ஒரு பாடகருக்கு ஏழு நாள் முழு வசூல் போய்விடும். சீசனுக்குச் சுமார் 50 நாள் ஆட்டம், செவ்வாயும் சனியும். அதில் 400 டிக்கெட்டும் விற்கும் நாள் எத்தனை இருக்கும்? லண்டனில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வருஷத்துக்கே சில பவுண்டுதான் சம்பளம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கம்பெனி தன் வாழ்நாளில் கொடுத்த டிவிடெண்ட் ஒன்றே ஒன்று. 1723-ல், 7 சதவீதம். அதுவும் எனக்கு லாபத்தில் கொடுத்ததாகத் தோன்றவில்லை, அடுத்த தவணையைக் கட்ட வைப்பதற்குப் பங்குதாரருக்குக் காட்டின மிட்டாய் என்றுதான் படுகிறது. வருஷா வருஷம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து "அழைப்புத் தொகையைக் கட்டுங்கள்" என்று கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள். பிரபுக்களிடம் வசூல் செய்வது எப்பேர்ப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். சின்னக் கடன்காரர் வட்டி கட்டப் பத்து மணிக்கே வந்து நிற்பார். பெரிய கடன்காரருக்கு நாம்தான் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் வங்கிப் புத்தி தடுக்கி விழுந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1724 பிப்ரவரியில் "ஜூலியோ சேஸாரே". அதே ஆண்டு அக்டோபரில் "தமெர்லானோ". 1725 பிப்ரவரியில் "ரோதெலிண்டா". பன்னிரண்டு மாசத்துக்குள் மூன்று. இன்றைக்கும் உலக அரங்கங்களில் போடப்படும் மூன்று பெரிய படைப்புகள், ஒரு நஷ்டக் கம்பெனியின் மாசச் சம்பளத்தில் பிறந்தவை. இந்தக் கம்பெனி என் மேஜைக்கு வந்திருந்தால் முதல் பக்கத்திலேயே "பரிந்துரைக்கப்படவில்லை" என்று எழுதி ஃபைலைக் கட்டியிருப்பேன். சரியான முடிவாகவும் இருந்திருக்கும். "ஜூலியோ சேஸாரே"யும் இருந்திருக்காது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி 1726-ல் ஒரு காரியம் செய்தது. வசூல் குறைகிறது, இன்னொரு நட்சத்திரத்தைக் கொண்டுவருவோம் என்று வியன்னாவிலிருந்து ஃபௌஸ்தினா போர்தோனியை வரவழைத்தது. நஷ்டத்தைச் சமாளிக்கச் செலவைக் கூட்டுவது! ஒரே மேடையில் இரண்டு நாயகிகள். ஹாண்டல் "அலெஸ்ஸாந்த்ரோ" எழுதும்போது தராசு பிடித்த மாதிரி எழுதினார். மாவீரன் அலெக்சாண்டருக்கு இரண்டு காதலிகள், இரண்டு பேருக்கும் பாட்டுகள் சரிசமம். பாடகிகள் சமாளித்துக்கொண்டார்கள், ரசிகர்கள்தான் முடியவில்லை. குட்ஸோனி கட்சி, ஃபௌஸ்தினா கட்சி என்று பிரிந்து, ஒருத்தர் பாடும்போது மற்றவர் கட்சி சீழ்க்கை. 1727 ஜூன் 6-ம் தேதி, போனோன்சினியின் "அஸ்தியானாத்தே" நடக்கும்போது, வேல்ஸ் இளவரசி அமர்ந்திருக்கும்போதே கூச்சல் உச்சத்துக்குப் போய் ஆட்டம் நின்றது. இரண்டு பாடகிகளும் மேடையில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதை மறுக்கிறார்கள், சண்டை ஜனங்களுக்குள்தான், முடி பிடித்த கதை கிண்டல் பிரசுரங்கள் கிளப்பிவிட்டது என்கிறார்கள். பெண்கள் என்றால் குடுமிப்பிடிச் சண்டை என்று எழுதிவிடுவது எல்லா ஊரிலும் சுலபம்தான்.

எட்டு மாசத்துக்குள் இன்னொரு அடி. 1728 ஜனவரி 29. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கத்தில் ஜான் கே எழுதிய "பெகர்ஸ் ஓபரா". தெருவில் எல்லாரும் முணுமுணுக்கும் மெட்டுகள், இங்கிலீஷ் பாட்டு, திருடனும் கைதியும்தான் பாத்திரங்கள். இத்தாலியப் பாடகர் கிடையாது, மந்திரத் தேர் கிடையாது. ஹாண்டலின் "ரினால்டோ" அணிவகுப்பு மெட்டையே எடுத்து வழிப்பறிக் கொள்ளையர்களைப் பாட வைத்தார்கள். ஒரே சீசனில் 62 நாள் ஓடியது. அதே 1728 ஜூனில் ராயல் அகாடமி கதவைச் சாத்தியது. மூலதனம் முழுக்கக் கரைந்திருந்தது. "பெகர்ஸ் ஓபரா"வில் பணம் பார்த்த அரங்க முதலாளி ஜான் ரிச் 1732-ல் கோவெண்ட் கார்டனில் புது அரங்கம் கட்டினார். தன் கம்பெனியைக் கவிழ்த்த பணத்தில் எழும்பிய அந்த அரங்கத்தில்தான், 1734-ல் ஹேமார்க்கெட்டும் கைவிட்டுப் போன பிறகு, ஹாண்டல் இடம் பிடித்து "அரியோதாந்தே", "அல்சீனா" எல்லாம் போட்டார்.

ஹேமார்க்கெட் ஏன் கைவிட்டுப் போனது என்றால், ஹாண்டலோடு பகைத்த பிரபுக்கள் 1733-ல் போட்டிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். செனெசினோ அந்தப் பக்கம் போய்விட்டார். 1734-ல் ஃபரினெல்லியைக் கொண்டுவந்தார்கள், அந்தக் காலத்தின் மிகப் பெரிய குரல். ஒரு கம்பெனியையே தாங்க முடியாத ஊரில் இரண்டு கம்பெனி. 1737-ல் போட்டிக் கம்பெனி மூடியது, ஃபரினெல்லி ஸ்பெயின் அரசருக்குப் பாடப் போய்விட்டார். ஹாண்டலும் ஜெயிக்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில் வாதம் வந்து வலது கை விழுந்தது. 52 வயது. ஜெர்மனியில் ஆகென் வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஒருவழியாகத் தேறி வந்தார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது என்னவென்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1732-ல் "எஸ்தர்" என்ற பைபிள் கதையை மேடையில் போட நினைத்தபோது, லண்டன் பிஷப் தேவாலயத்துச் சிறுவர்கள் மேடையேறி நடிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். அதனால் மேடையில் நடிப்பு இருக்காது என்று விளம்பரத்திலேயே போட்டு, நின்று பாட வைத்தார்கள். கூட்டம் வந்தது! சீன் இல்லை, உடை இல்லை, தட்டி இழுக்க ஆள் இல்லை, இங்கிலீஷில் பாடுவதால் உள்ளூர்ப் பாடகர் போதும். நாற்பது நாள் தவக்காலத்தில் நாடகத்துக்குத் தடை உள்ள புதன், வெள்ளிகளில் அரங்கமும் சும்மா கிடக்கும். பிஷப்பின் தடையில் ஹாண்டலுக்குச் செலவுக் கணக்கு நேராயிற்று. கடைசி ஓபரா "தெய்தாமியா" 1741-ல் மூன்று நாள் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு அவர் ஓபராவே எழுதவில்லை. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் "மெஸையா". தர்மத்துக்கு நடந்த அந்தக் கச்சேரிக்கு இடம் பற்றாது என்று, சீமாட்டிகள் வளையம் வைத்த பாவாடை வேண்டாம், கனவான்கள் வாள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சுமார் 700 பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். வந்த பணத்தில் ஒரு பங்கு கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்குப் போய், 142 பேர் வெளியே வந்தார்கள். கடன் வசூல் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தவனுக்கு அந்த 142 என்ற எண் சும்மா எண்ணாகத் தெரியவில்லை.

நெருப்பைப் பற்றியும் ரெண்டு வரி. மெழுகு, மரம், துணி, எண்ணெய் வர்ணம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஹேமார்க்கெட் அரங்கம் 1789-ல் எரிந்தது. கோவெண்ட் கார்டன் 1808-ல் எரிந்தபோது ஹாண்டலின் ஆர்கனும் சேர்ந்து சாம்பலானது, கட்டி எழுப்பியதும் 1856-ல் மறுபடி எரிந்தது. வெனிஸின் லா ஃபெனீச்சே 1996-ல் எரிந்தது, தீ வைத்தது அங்கே வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன்களே என்று கோர்ட் சொன்னது. நம் ஷண்முகானந்தா ஹாலும் 1990-ல் எரிந்து 1998-ல்தானே திரும்பத் திறந்தது? மாட்டுங்காவில் பழைய ஆட்களைக் கேட்டால் அந்த எட்டு வருஷம் கச்சேரிக்கு எங்கெங்கே அலைந்தோம் என்று சொல்வார்கள்.

இப்போதாவது தேவலையா என்றால், இல்லை. வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-ல் ஒரு புத்தகத்தில் இதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஒரு ஆள் ஒரு மணியில் செய்யும் வேலை இயந்திரத்தால் பத்து மடங்காகலாம். நாலு பேர் வாசிக்கும் இசையை இன்றைக்கும் நாலு பேர்தான், அதே நேரம்தான், வாசிக்க வேண்டும். ஆனால் அவர்கள் சம்பளம் மட்டும் மற்றவர்கள் சம்பளத்தோடு சேர்ந்து ஏறத்தானே வேண்டும்? எங்கள் கிளையில் 2000-களில் ஐந்து பேர் பார்த்த வேலையை இப்போது ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெண்ணும் பார்க்கிறார்கள். "ஜூலியோ சேஸாரே"க்கு அன்றைக்கு வேண்டிய ஆட்கள் இன்றைக்கும் வேண்டும். 1943-ல் தொடங்கிய நியூயார்க் சிட்டி ஓபரா 2013-ல் திவால் மனு கொடுத்தது. சர்னி ரோடு அரங்கத்தில் ஓபரா நிற்காததற்கு நான் தேடின பதிலில் பாதி இதில் கிடைத்துவிட்டது.

இனி அந்த மேடை கட்டின ஆளுக்கு வருகிறேன். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன், என் கையிலிருந்து. சங்கம் எனக்கு நாலு மாசம் கழித்துத் திருப்பித் தந்தது. ஏதோ பெரிய தியாகம் செய்ததாகச் சொல்ல வரவில்லை. தங்கமணியிடம் வாங்கின திட்டு தனி. ஹாண்டல் காலத்துக் கணக்குகளைப் படிக்கும்போது, பிரபு இழந்த 200 பவுண்டைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, தட்டி இழுத்தவனைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேட வைத்தது அந்த ராத்திரிதான். தட்டி இழுத்தவன் கிடைக்கவில்லை. ஓபோ வாசித்தவர் கிடைத்தார்.

கிட்ச் என்று பெயர். ஹாண்டலின் ஓபரா வாத்தியக் குழுவில் முதன்மை ஓபோக்காரர். ராயல் அகாடமியின் நல்ல காலத்தில் அவர் வாசிக்காத இரவு குறைவு. பிற்காலத்தில் வறுமையில் இறந்துபோனார். 1738 வாக்கில் ஃபெஸ்டிங், வைடமன், வின்சென்ட் என்ற மூன்று இசைக்காரர்கள் ஹேமார்க்கெட்டில் ஒரு காபிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு சின்னப் பையன்கள் பால் கறக்கும் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனார்களாம். யார் என்று விசாரித்தால் கிட்சின் பிள்ளைகள். அப்பா எந்த அரங்கத்தில் வாசித்தாரோ அதே தெருவில். மூன்று பேரும் வசூல் பண்ணி அந்தப் பிள்ளைகளுக்கு உதவினார்கள், அதோடு நிற்காமல் நொடித்துப்போன இசைக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று ஒரு நிதியே ஆரம்பித்தார்கள். முதல் உறுப்பினர்களில் ஹாண்டலும் ஒருவர். பிற்காலத்தில் அந்த நிதிக்காகக் கச்சேரிகளும் நடத்திக் கொடுத்தார்.

1759 ஏப்ரல் 14-ல் ஹாண்டல் இறந்தபோது கண்பார்வை போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு கம்பெனி கவிழ்ந்ததைப் பார்த்த மனுஷன் ஏறக்குறைய 20,000 பவுண்டு சொத்து வைத்திருந்தார். உயிலில் கடைசி நாட்களில் சேர்த்த ஒரு வரியில் அந்த நிதிக்கு 1,000 பவுண்டு எழுதியிருந்தார். மன்னர் ராயல் அகாடமிக்கு வருஷம் கொடுத்த அதே தொகை. அகாடமி ஒன்பது வருஷம் ஓடியது. கிட்ச் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய நிதி, ராயல் சொசைட்டி ஆஃப் மியூசிஷியன்ஸ் என்ற பெயரில் லண்டனில் இன்றைக்கும் இயங்குகிறது.